பழைய ஸ்டுடியோ ஸ்ட்ரோப் லைட்டைப் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடுமா?

மாட்டலாம். ஆனால் சிங்க் ஒயரை (கேமரா கிளிக் ஆகும் நொடியில் லைட்டை அடிக்க வைக்கும் ஒயர்) கேமராவில் செருகுவதற்கு முன்னால் அந்த ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பார்க்காமல் மட்டும் செருகாதீர்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ஃபிலிம் காலத்து லைட் இரண்டு எங்கேயோ சும்மா கிடக்கும். கையில் தவணையில் வாங்கிய கேமரா இருக்கும். புது லைட்டுக்கு இப்போதைக்குக் காசு இருக்காது. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், இப்படி வருகிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் முழுதாகத் திறந்ததும் உள்ளே இரண்டு தகடு தொட்டுக்கொள்ளும், லைட் அடிக்கும். அந்த நாளைய லைட்டுகளில் சிங்க் ஒயரிலேயே 200, 300 வோல்ட் நிற்கும். தகடு அதைத் தாங்கிக்கொண்டது. டிஜிட்டலில் பெரும்பாலும் அந்த வேலையை ஒரு சின்ன செமிகண்டக்டர் செய்கிறது. அதற்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 10330 என்ற சர்வதேசத் தரம் 24 வோல்ட்டை எல்லையாக வைக்கிறது. நிக்கான் தன் கையேடுகளில் 250 வோல்ட்டுக்கு மேலே போகக் கூடாது, பிளஸ் மைனஸ் மாறியும் வரக் கூடாது என்று எச்சரிக்கிறது. உங்கள் கேமராவுக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் பாருங்கள். போடாவிட்டால் 24-ஐ வைத்துக்கொள்ளுங்கள். லைட்டின் பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். விவிட்டர் 283 என்று ஒரு பழைய ஃபிளாஷ், அந்த ஒரே பெயரில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்பதும் இருக்கிறது, 10-க்குக் கீழே நிற்பதும் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் அவன் அப்பாவோடு கடைக்கு வந்தான். அப்பா அங்கே ரொம்ப காலம் ஸ்டுடியோ நடத்தி மூடியவர். அவருடைய இரண்டு லைட், குடை, ஸ்டாண்டு எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கியது. பையனிடம் புது மிரர்லெஸ் கேமரா. ஒரு சிங்க் ஒயரும் அதற்கு அடாப்டரும் வாங்கிப் போகத்தான் வந்திருந்தான். நான் ஒயரை எடுக்கவில்லை, மீட்டரை எடுத்தேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இத வச்சுத்தான் அம்பைல அத்தன கல்யாணமும் எடுத்தேன் தம்பி. ஒரு நாளும் கேமரா போனதில்ல" என்றார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுதது சரிதான். உங்க கேமரா அதத் தாங்கிச்சு. இவன் வாங்கியிருக்கது வேற சாமான்."

மெயினில் போட்டு ரெடி விளக்கு எரியும்வரை காத்திருந்தோம். மீட்டரை டி.சி. 600-ல் வைத்து, ஒயரின் ஒரு முனையை லைட்டில் செருகி, மறுமுனையில் நடுப் பின்னில் சிவப்பு, வெளி வளையத்தில் கறுப்பு வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போய் 230-க்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த லைட்டில் 12-ஐத் தாண்டவில்லை. பார்க்க இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் என்றைக்கோ யாரோ போர்டை மாற்றியிருக்கிறார்கள். பையன் முகம் விழுந்துவிட்டது. "அண்ணே, அப்ப லைட்ட வித்துரட்டா?" என்றான். "விக்காதலே" என்றேன்.

(முள் ஆடுகிற பழைய மீட்டரால் அளக்காதீர்கள். இந்த சர்க்யூட்டில் கரண்ட் மிகக் குறைவு. முள் மீட்டரே அதை இழுத்து எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும். 10 மெகா ஓம் உள்ள சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். அளக்கும்போது விரல் உலோக முனையில் படக் கூடாது.)

ஒயருக்குப் பதிலாக ரேடியோ டிரிக்கர் போட்டோம்: 12 வோல்ட் லைட்டில் ரிசீவர், கேமரா தலையில் அதற்குச் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். 230 உள்ளதில் எந்த ஒயரும் போடவில்லை. அதில் ஸ்லேவ் கண் இருந்தது, 12 வோல்ட் லைட்டின் வெளிச்சத்தைப் பார்த்து அதுவே அடித்தது. அப்பாவையே ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேமரா திரையைப் பார்த்தார். "மூக்கு நிழல் உதட்டத் தொடுது பாரு. லைட்ட ஒரு சாண் இறக்குல" என்றார். இறக்கினான். அடுத்த படம் சரியாக வந்தது. அந்த லைட்டை இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால் எனக்கே மனசு ஆறியிருக்காது.

ரேடியோ போட்டால் வோல்ட் பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கேமராவுக்கு வேண்டாம், ரிசீவருக்கு வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு, மலிவானதில் எல்லை இன்னும் கீழே. ஒயர்தான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு வெய்ன் சேஃப் சிங்க் என்ற சாமான் இருக்கிறது. 400 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு கேமரா பக்கம் 6-க்கும் கீழே இறக்கிவிடும்.

ஸ்லேவ் கண்ணை உசுப்பக் கேமராவின் சொந்த ஃபிளாஷைப் பயன்படுத்தினால் அதை மேனுவலில் வையுங்கள். டி.டி.எல். (ஃபிளாஷ் அளவைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ முறை) என்றால் படத்துக்கு முன்னால் ஒரு சோதனை வெளிச்சம் அடிக்கும். ஸ்லேவ் அதற்கே அடித்துத் தீர்ந்துபோகும், படம் இருட்டாக வரும்.

கேமராவை விட முக்கியமான ஒன்று. அந்த அண்ணாச்சியின் லைட் இரண்டிலும் பிளக்கின் தடித்த மேல் பின்னை வெட்டி எடுத்திருந்தார்கள், இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷனில் போவதற்காக. நம் பக்கத்துப் பழைய மண்டபங்களில் இது சகஜம். எர்த் இல்லாத லைட்டில் கசிவு வந்தால் இரும்பு ஸ்டாண்டு முழுக்க ஷாக். தண்ணீர் தெளித்த மணவறைத் தரையில் வெறுங்காலோடு நிற்பவன் உதவிக்கு வந்த பையன்தான். பிளக்கை மாற்றாமல் நான் லைட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லைட்டைத் திறந்து பார்க்கிற வேலையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கும். மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது லைட்டை அணைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி, அடிக்கவே மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களுக்கு. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் ஹாட் ஷூவின் (கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுப் புள்ளியே கிடையாது. நடுப் புள்ளியை மட்டும் நம்புகிற மலிவு டிரிக்கர் இவற்றில் வேலை செய்யாது. கடைக்குக் கேமராவைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மிரர்லெஸ்ஸில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷை அடிக்காது. வியூஃபைண்டர் கறுப்பாகத் தெரிந்தால், படம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் அதிகம். கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/200 என்றாலும் மலிவு ரேடியோவுக்குக் கொஞ்சம் தாமதம் உண்டு. 1/160 அல்லது 1/125-ல் வையுங்கள்.

கல்யாணத்தில் சேனலை மாற்றுங்கள். மாப்பிள்ளை வீட்டு ஆளும் பெண் வீட்டு ஆளும் ஒரே கம்பெனி டிரிக்கரை, வாங்கியபோது இருந்த முதல் சேனலிலேயே வைத்திருப்பார்கள். அவர் அழுத்தினால் உங்கள் லைட் அடிக்கும். தாலி ஏறுகிற நொடியில் நீங்கள் அழுத்தும்போது அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே அவரைப் பார்த்து "அண்ணாச்சி, நீங்க எந்த சேனல்?" என்று கேட்டுவிடுங்கள்.

"நாங்க காலங்காலமா ஒயர்தான், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத சிலர் வருவார்கள் என்று தெரியும். உங்கள் லைட்டில் வோல்ட் குறைவாக இருந்திருக்கும், அல்லது கேமரா தாங்குகிற கேமரா. நான் ஒயரைக் குறை சொல்லவில்லை. இப்போது வருகிற லைட்டுகளில் பெரும்பாலும் சில வோல்ட்தான், அதில் ஒயர் தாராளமாகப் போடலாம். அளக்காத லைட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையன்கள் பழைய லைட்டோடு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் கையில் பணம் நிற்காததுதான். பந்திக்கும் பூ அலங்காரத்துக்கும் அன்றைக்கே பணம் கொடுத்துவிடுகிறார்கள். போட்டோக்காரன் பாக்கி மட்டும் ஆல்பம் வந்த பிறகு. படத்தை எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்ட பிறகு ஆல்பத்துக்கு யாரும் அவசரப்படுவதில்லை. லேபுக்கு நம் கைக்காசைக் கட்டி எடுத்துவந்த ஆல்பம் அலமாரியில் கிடக்கிறது. ஃபோன் போட்டால் "அடுத்த வாரம் வாரோம்" என்கிறார்கள். பிறகு பிறக்கிற குழந்தையின் காது குத்துக்கும் நம்மையே கூப்பிடுகிறார்கள், பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சில்லை. வேலை எடுக்கும்போதே முக்கால் பணம் வாங்கிவிடுங்கள்.

உங்கள் லைட்டில் எத்தனை வோல்ட் காட்டுகிறது, கேமரா என்ன மாடல் என்று கீழே எழுதுங்கள். எந்த ரிசீவர் ஒத்துவரும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் ஒயரைக் கேமராவில் செருக வேண்டாம்.