ஏழரைச் சனிக்கு நாற்பதாயிரம் ரூபாயா? – வாசகர் கேள்வி பதில்

கே: மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லை. ஏழரைச் சனி என்று ஜோசியர் பரிகார ஹோமத்துக்கு நாற்பதாயிரம் கேட்கிறார். வீட்டுக்காரர் மூடநம்பிக்கை என்று கத்துகிறார். செய்யாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், கொளத்தூர்

ப: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கத்தினால் பயம் போகாது. பயந்தவரை முட்டாள் என்று திட்டினால் அவர் வாயைத் திறப்பதைத்தான் நிறுத்துவார், அப்புறம் நகை அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும்.

சரி, சனிக்கு வருவோம். அந்தக் கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ வருடம். அதை 12 ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை. உங்களுக்கு முந்தின ராசி, உங்கள் ராசி, அடுத்த ராசி, மூன்றையும் கூட்டினால் ஏழரை. அப்படியானால் எந்த நாளில் பார்த்தாலும் 12-ல் 3 ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். இதோடு உங்கள் ராசியிலிருந்து எண்ணி நாலாவது ராசியில் சனி இருந்தால் அர்த்தாஷ்டமம், ஏழில் இருந்தால் கண்டகம், எட்டில் இருந்தால் அஷ்டமம் என்று சேர்த்துக்கொண்டே போனால் பாதி ராசிகளுக்கு எப்போதும் சனி பிடித்தே இருக்கிறது! உங்கள் தெருவில் வேலை கிடைத்து ஸ்வீட் கொடுக்கிற பையனுக்கும் ஏழரை நடக்கலாம், ஆனால் அவனிடம் யாரும் ராசி கேட்பதில்லை, கஷ்டம் வந்த வீட்டில் மட்டும்தான் கேட்கிறோம், அதனால்தான் ஜோசியம் பலித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறது. மகனோடு படித்து இன்னும் வேலை கிடைக்காத பிள்ளைகள் எல்லோரும் ஒரே ராசியா என்று விசாரித்துப் பாருங்கள்.

மனசு கேட்கவில்லை என்றால் சனிக்கிழமை பக்கத்துக் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வாருங்கள், அதை நான் தடுக்க மாட்டேன். நாற்பதாயிரத்தை மட்டும் கொடுக்காதீர்கள், அது பையன் ஏதாவது ஒரு கோர்ஸ் படிக்க, இன்டர்வியூக்குப் போய்வர ஆகும். 'செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது' என்று ஒரு தாயிடமே சொல்லி விலை பேசுவது பெரிய கொடுமை.

கே: ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. புது சாஃப்ட்வேரை லைவ் விடவே எங்கள் மேனேஜர் ராகு காலம் பார்க்கிறார், சர்வருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார். அறிவியல் படித்தவர்களே இப்படியா?
– வாசகர், பெரும்பாக்கம்

ப: டிகிரி வாங்குவதற்கும் பயம் போவதற்கும் சம்பந்தம் இல்லை. 1948-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், பசித்த புறாக்களைப் பெட்டியில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். ஒரு புறா வட்டமாகச் சுற்றத் தொடங்கியது, இன்னொன்று மூலையில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அவை விடாமல் பிடித்துக்கொண்டன என்பது அவர் சொன்ன விளக்கம். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக் கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் பார்த்தது இன்னும் முக்கியம். ஆபத்தில்லாத உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது அங்கே மந்திரம் எதுவும் இல்லை, ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு மேல் சடங்கு. நம் காசிமேட்டிலும் படகுக்குப் பூஜை போடுகிறவர்கள்தான், ஆனால் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள், பூஜை போட்டாயிற்றே என்று கடலுக்குள் போவதில்லை.

உங்கள் மேனேஜரையும் அதை வைத்தே பாருங்கள். பேக்கப் எடுத்து, டெஸ்டிங் ஒழுங்காக முடித்து, எலுமிச்சம்பழமும் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். டெஸ்டிங்கைக் குறைத்துவிட்டுப் பழத்தை நம்பினால் அங்கே தயங்காமல் பேசுங்கள். சென்ட்ரலில் இருந்து தினமும் ராகு காலத்திலும் ரயில்கள் கிளம்புகின்றன, பத்திரமாகப் போய்ச் சேர்கின்றன என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கே: ஜோசியம், ராகு காலம் இதையெல்லாம் விட்டால் சாமி நம்பிக்கையும் சேர்ந்து போய்விடாதா?
– வாசகி, மயிலாப்பூர்

ப: போகாது. திருமறைக்காட்டில் இருந்து சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பும்போது நாளும் கோளும் சரியில்லை, போகாதீர்கள் என்று அப்பரே தடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. சிவன் என் உள்ளத்தில் இருக்க ஒன்பது கோளும் என்னை என்ன செய்யும் என்று சம்பந்தர் பாடினார், கிளம்பிப் போனார். அதுதான் கோளறு பதிகம். உங்கள் ஊரில் பூம்பாவைக்காகப் பதிகம் பாடியவரும் அவர்தான். பக்தி அவருக்குப் பயத்தை எடுத்துவிட்டது. உங்களுக்கும் அப்படி என்றால் தாராளமாகக் கும்பிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். புருஷனை இழந்த தாயை, அவள் பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் மேடைக்கு வராதே என்று பின்வரிசையில் உட்கார வைக்கிறார்களே, அதற்கு எந்த சாஸ்திரத்தைக் காட்டினாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் நீங்களே கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவாருங்கள்.

கே: மருமகள் ஐந்து மாதம். கிரகணத்தன்று சாப்பிடக் கூடாது, வெளியே வரக் கூடாது, குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வருங்காலப் பாட்டி, அம்பத்தூர்

ப: இல்லை அம்மா. குழந்தைக்கு உதடு உருவாகிச் சேர்வது கர்ப்பத்தின் முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள், உங்கள் மருமகள் அதைத் தாண்டியாயிற்று. கிரகணம் என்பது நிழல், அது வயிற்றுக்குள் போய் எதையும் வெட்டாது. சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை கெடும் என்பது மட்டும் உண்மை, அது கர்ப்பிணிக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். சென்னை வெயிலில் வயிற்றுப் பிள்ளைக்காரி மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதுதான் ஆபத்து. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுங்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அன்றைக்கும் நிறுத்தாதீர்கள்.