பூல் வீட்டில் கேஸ் பில் எகிறுகிறதா? சிட்னியிலிருந்து ஒரு பதில்

தம்பி, பெண்டில் ஹில்லில் பூல் (நீச்சல் குளம்) உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தீர்கள், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கோடைக்கு முன்பே, அக்டோபரிலேயே கேஸ் ஹீட்டரைப் போட்டீர்கள், அடுத்த பில்லைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. பிள்ளைகள் குளிக்கவும் வேண்டும், பில்லும் குறைய வேண்டும், புது ஹீட்டர் வாங்கச் சொல்லி ஓனரைக் கேட்கலாமா என்பது உங்கள் கேள்வி. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பூலை மூடுங்கள்.

நீங்கள் சொன்ன அளவு 8 மீட்டருக்கு 4 மீட்டர். சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர் என்று வைத்தால் 40,000 லிட்டர் தண்ணீர். இதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற 46 யூனிட் வெப்பம் வேண்டும், மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். புகையோடு போவதையும் சேர்த்தால் கேஸில் சுமார் 200 மெகாஜூல், கேஸ் பில்லில் வரும் அளவு அது. உங்கள் பில்லில் மெகாஜூலுக்கு 4 சென்ட் என்று இருந்தால் டிகிரிக்கு 8 டாலர், 18 டிகிரியிலிருந்து 28-க்குக் கொண்டுபோக 80 டாலர். சீசனுக்கு ஒரு தடவை என்றால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஏற்றிய சூடு ராத்திரியில் இறங்கிப்போய் மறுநாள் மறுபடி ஏற்றுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் பணம் போகிறது.

திறந்த பூல் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் ஆவியாகித்தான் போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகும். உங்கள் பூலில் நீர்மட்டம் வெறும் 5 மில்லிமீட்டர் இறங்கினாலே 160 லிட்டர் போச்சு, நூறு யூனிட்டுக்கு மேல் வெப்பமும் போச்சு. அதாவது இரண்டு டிகிரிக்கு மேல். பகல் வெயில் அதில் கொஞ்சம் திருப்பித் தரும், மீதியை உங்கள் கேஸ்தான் ஈடுகட்ட வேண்டும். காற்று அடித்தால் இன்னும் மோசம். மத்தியானம் கொளுத்திவிட்டு, சாயந்திரம் திடீரென்று தெற்கிலிருந்து குளிர்காற்று வருமே, சிட்னிக்காரர்கள் 'சதர்லி' என்பார்கள், அது வந்தால் வெளிவெப்பம் பத்து டிகிரிக்கு மேல்கூடச் சடாரென்று இறங்கும். அன்று பூலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தெரியும்.

பூல் கடைகளில் தண்ணீர்மேல் விரிக்கும், குமிழி குமிழியாக இருக்கும் பிளாஸ்டிக் பிளாங்கெட் கிடைக்கும். குமிழிப் பக்கம் தண்ணீரைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்து விரித்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் சாண் அகலத்துக்கு இடைவெளி விடாமல் பூல் வடிவத்துக்கே வெட்டுங்கள். இது ஒன்றே சூடாக்கும் செலவைப் பாதிக்கு மேல் குறைக்கும். வெயில் குளோரினை அழிப்பதும் குறையும், தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும். அதைச் சுருட்ட ரோலர் கட்டாயம் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஈர பிளாங்கெட்டைத் தனியாளாக இழுத்து மடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நாலு நாள் இழுத்துவிட்டு ஐந்தாம் நாள் 'நாளைக்குப் போடலாம்' என்று விட்டுவிடுவோம், நம் குணம் தெரியாதா? சுருட்டி வைத்தால் மேலே வெள்ளை உறை போடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து, அந்தக் குமிழிகளை ஃபில்டரில் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளாங்கெட் பாதுகாப்பு மூடி இல்லை. குழந்தை அதன்மேல் விழுந்தால் அது சுற்றிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. பாதி மூடியிருக்கும்போது யாரையும் இறங்க விடாதீர்கள், முழுக்கச் சுருட்டிய பிறகுதான் குளியல். இங்கே சட்டப்படி வேலி 1.2 மீட்டர் உயரம், கதவு தானே மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு விடும் ஓனர் அதற்குச் சான்றிதழ் தர வேண்டும். ஒப்பந்தத்தோடு அது வந்ததா என்று பாருங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், தண்ணீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று வைக்கும் கருவி. நம் ஆட்களுக்கு 30 டிகிரி இல்லாவிட்டால் பூலில் கால் வைக்க மனசு வராது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் 22-இல் குதிப்பார்கள். 26-இல் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள், கரையில் நின்று புலம்புவது நாம்தான். கேஸ் ஹீட்டருக்கு ஒரே ஒரு நல்ல குணம், வேகம். சனிக்கிழமை விருந்தாளிகள் வந்தால் அன்று மட்டும் போடலாம். தினமும் ஓட்ட அது ஆகாது.

சரி, ஓனரிடம் என்ன கேட்பது? நான் சோலாரைத்தான் கேட்பேன். மின்சாரம் தரும் பேனல் இல்லை, கூரையில் ஒட்டும் கறுப்பு ரப்பர் குழாய்ப் பாய். பம்ப் தண்ணீரை அதில் ஏற்றி இறக்கும், எரிபொருள் செலவே கிடையாது. இங்கே சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும் என்பதால் வடக்குக் கூரைதான் முதல் தேர்வு, இல்லையென்றால் மேற்கு. பாயின் பரப்பு பூலின் பரப்பில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. திரும்பி வரும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்து 'சூடே இல்லையே' என்று பலர் குறை சொல்வார்கள். ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக, நிறையத் தண்ணீர் வருவதுதான் சரி. மெதுவாக ஓட்டிக் கொதிக்க வைத்தால் பாயிலிருந்தே சூடு காற்றில் போய்விடும்.

வெயில் இல்லாத மழை நாளிலும் சூடு வேண்டும் என்றால் ஹீட் பம்ப், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மின்சார இயந்திரம். இதமான நாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வரை வெப்பம் தரும், அதே ஒரு டிகிரிக்கு ஒன்பது, பத்து யூனிட் போதும். யூனிட் 35 சென்ட் என்றால் மூன்றரை டாலருக்குள். வெளிக்காற்று குளிர்ந்தால் திறன் குறையும், அதனால் பகலில் ஓட்டுங்கள். கூரையில் மின்சாரப் பேனலும் இருந்தால் செலவு இன்னும் இறங்கும். ஆனால் வாங்கும் விலை அதிகம். வாடகை வீட்டுக்கு ஓனர் சம்மதிப்பது கஷ்டம்.

மே முதல் செப்டம்பர் வரை இங்கே குளிர், ஹீட்டரை அணைத்துவிடுங்கள். அந்த மாதங்களில் உள்ளூர் கவுன்சிலின் உள்ளரங்கப் பூலுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போவது எவ்வளவோ மலிவு. பிள்ளைகள் நீச்சல் வகுப்பும் அங்கேயே போகலாம்.

பூலின் வடிவம் நேர்செவ்வகமா, வளைவா என்று எழுதுங்கள். பில்லில் மெகாஜூலுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பிளாங்கெட் வாங்கிய பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.