தோப்பு வாடகைக்குக் கிடைக்கும், மற்றதெல்லாம்?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். வரும் ஆனியில் எனக்குக் கல்யாணம். ஐயர், ஹோமம் எதுவும் கிடையாது. பெரியவர்கள் முன்னால் உறுதிமொழி வாசித்து, மாலை மாற்றி, தாலி கட்டுவதாக இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. மண்டபத்துக்குப் பதிலாக அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து பங்களா பார்த்திருக்கிறோம். மாவும் தென்னையுமாக 4 ஏக்கர். 300 பேர் வருவார்கள். இரண்டு நாள் வாடகை 1,50,000, டெபாசிட் 50,000. இரண்டையும் ரொக்கமாகவே கேட்கிறார்கள். என் கணக்கு இது: வாடகை 1,50,000, சாப்பாடு இலைக்கு 400 வீதம் 1,20,000, அலங்காரம் 1,50,000, போட்டோ வீடியோ 80,000, துணிமணி 1,00,000. ஆக 6 லட்சம். கையில் இருப்பது 9 லட்சம். மீதி 3 லட்சத்தைச் சென்னையில் வீடு பிடிக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அப்பா மட்டும் "மண்டபம்தான் சல்லிசு" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, அப்பா சொல்வதில் பாதி சரி. மண்டபத்துக்குப் பணம் கட்டும்போது நாற்காலி, மேஜை, சமையல் ஏனம், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பெருக்குகிற ஆள் என்று எத்தனையோ அந்த வாடகைக்குள் வந்துவிடும். தோப்பில் நீங்கள் கொடுக்கும் ஒன்றரை லட்சம் மண்ணுக்கும் மர நிழலுக்கும்தான். மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி உண்டு. உங்கள் பட்டியலில் அவை ஒன்றுகூட இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகன் கல்யாணத்தைக் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு தோப்பில் வைத்தோம். அதுவும் ஆனி மாதம்தான். மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குக் குறையில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பந்தி எழுந்து கை கழுவப் போனபோது குழாய் காற்றைத்தான் கக்கியது. மோட்டாரைப் போடப் போனால் மும்முனைக் கரண்ட் வரும் நேரம் அது இல்லை. சமையல்காரர் குடிதண்ணீர்க் கேன்களைச் சாய்த்துச் சாய்த்து அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தலுக்குள் மலைக்காற்று புகுந்து, விரித்த இலையெல்லாம் புரண்டது. சாம்பார் வாளிமேல் துண்டை மூடிக்கொண்டே பரிமாறினார்கள். முதல் நாளே ஒரு தண்ணீர் லாரியும், மேற்குப் பக்கம் தகர மறைப்பும் சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் அலைந்திருக்க வேண்டாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் 3 லட்சத்துக்கு வருவோம். முதலில் வரி. நீங்கள் எழுதிய தொகையெல்லாம் வரி சேர்த்தா, சேர்க்காமலா? இட வாடகை, அலங்காரம், போட்டோ மூன்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். இப்படி வெளியிடத்தில் வந்து சமைத்துப் பரிமாறுவதற்கு 5 சதவீதம். நால்வரும் பதிவு வைத்திருப்பவர்கள் என்றால் வரி மட்டும் 27,000 + 27,000 + 14,400 + 6,000, ஆக 74,400 ரூபாய். பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது விட்டுப்போனவை. பந்தல், நாற்காலி, ஏனம், ஜெனரேட்டரும் டீசலும், தண்ணீர் லாரி, வாடகைக் கழிப்பறை, பாளையங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஆட்களை ஏற்றி இறக்க வேன், மறுநாள் குப்பை அள்ளும் கூலி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சமாவது ஒதுக்குங்கள். அப்போது உங்கள் 3 லட்சத்தில் 75,600 ரூபாய்தான் மிஞ்சும். டெபாசிட் 50,000 திரும்பி வரும் பணம்தான். ஆனால் கல்யாணத்தன்று அது உங்கள் கையில் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குறைக்க வழி இருக்கிறது. நான் முதலில் கை வைக்கச் சொல்வது அலங்காரத்தில். மாந்தோப்புக்குள் செயற்கைப் பூச்சுவரும் தெர்மோகோல் தூணும் எதற்கு? வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, இளநீர்க்குலை, நுங்குக்குலை, தென்னங்குருத்துத் தோரணம், மேடைக்கு மட்டும் சங்கரன்கோவிலிலிருந்தோ தோவாளையிலிருந்தோ நேராகப் பூ. நம் பக்கத்துப் பந்தல் காலங்காலமாக இப்படித்தான் நின்றிருக்கிறது, பார்க்கவும் நிறைவாக இருக்கும். அலங்காரம் பாதியாகக் குறைந்தால் 75,000 மிச்சம், அதற்கான வரி 13,500 மிச்சம். வீட்டு அட்வான்சுக்கு 1,64,100 ஆகிவிட்டது.

நாளிலும் மிச்சம் பிடிக்கலாம். முகூர்த்தம் பார்க்கப்போவதில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளில் ஏன் போட்டி போட வேண்டும்? முகூர்த்தமில்லாத ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லி வாடகை கேட்டுப் பாருங்கள். பந்தல்காரரும் போட்டோக்காரரும் அன்றைக்குச் சும்மா இருப்பார்கள், விலையில் இறங்கி வருவார்கள். வேலைநாள் என்பதால் வருகிற கூட்டமும் கொஞ்சம் குறையும்.

சாப்பாட்டில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். "இலைக்கு 400" என்றால் எத்தனை இலைக்கு உத்தரவாதம் கேட்கிறார், அதற்கு மேல் போனால் என்ன விலை, சப்ளையர்கள் சாப்பிடும் இலையும் கணக்கில் சேருமா என்று எழுதி வாங்குங்கள். பந்திக்கு முன்னும் பின்னும் இலைக்கட்டை எண்ண உங்கள் வீட்டு ஆள் ஒருவர் சமைக்கிற ஆக்குப்புரையிலேயே நிற்கட்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் கேளுங்கள். அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வர வேண்டும். தங்குகிற சொந்தக்காரர்களுக்கு மறுநாள் சொதியும் இஞ்சித் துவையலும் வைப்பதாக இருந்தால் அதையும் இதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தனியாகப் பேசினால் கூலி இரண்டு தடவை ஆகும். பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, அதையும் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தோட்டத்துப் பம்புசெட்டுக்கு வருவது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதிலிருந்து வயர் இழுத்து சீரியல் பல்பு போட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி அது அனுமதியில்லாத உபயோகம், இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். வசூலிப்பது உரிமையாளரிடம்தான் என்றாலும் அவர் உங்கள் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார். தற்காலிக இணைப்பு வாங்கித் தருவது யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசிவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் பாட்டு கிடையாது. ஆறு மணி நேரத்துக்குப் பணம் கட்டி எட்டு மணிக்குத் தொடங்கினால் நாலு மணி நேரக் காசு வீண்.

ரொக்கம் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வருமான வரிச் சட்டப்படி ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்தால் சரியாக 2 லட்சம். அபராதம் வாங்குபவருக்குத்தான், இருந்தாலும் நமக்கு ரசீது இல்லாத பணம் போன பணம். முழுவதையும் வங்கி வழியாக, இடத்தின் உரிமையாளர் பெயருக்கே அனுப்புங்கள். தோட்டக்காரர் பெயருக்கு அனுப்ப வேண்டாம். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கினால், தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்காவது ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த நாள் எத்தனை மணிக்குச் சாவி, எத்தனை மணிக்குக் காலி செய்வது, எந்தெந்த அறை, எத்தனை வண்டி நிற்கலாம், ஒருவேளை ரத்தானால் எத்தனை நாள் முன்னால் சொன்னால் எவ்வளவு திரும்பும், டெபாசிட் எத்தனை நாளில் வரும், இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மழைக்கு என்று தனியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கு ஒரு தோப்பில் கல்யாணம் வைத்திருந்தால் வண்டியே போயிருக்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் வேறு தேதி தருவாரா, பணம் தருவாரா என்பது எழுத்தில் இருக்கட்டும். ஆனியில் உங்களுக்கு வரப்போவது சாரலும் காற்றும்தான். பந்தலைத் துணியாகப் போடாமல் தகரமாகப் போட்டு, மேற்குப் பக்கத்தை அடைக்கச் சொல்லுங்கள்.

ஆக, மண்டபம் சல்லிசு என்று அப்பா சொன்னது உங்கள் பழைய கணக்குக்குச் சரி. அலங்காரத்தைப் பாதியாக்கி, எழுத்தில் வாங்கிச் செய்தால் தோப்பு உங்களுக்குக் கட்டுப்படியாகும். நான் உங்கள் பக்கம்.

கேள்வி: சீர்திருத்தக் கல்யாணம் முடித்தோம். பதிவு செய்து தர ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். "ஐயர் இல்லாத கல்யாணம், சிக்கல் அதிகம்" என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: கொடுக்காதீர்கள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் தமிழ்நாடு கொண்டு வந்த திருத்தம் அது. உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் அந்தத் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. கல்யாணம் நடந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அவர் கேட்கும் 12,000 ரூபாயில் அரசுக்குப் போவது மிகச் சிறிய தொகை. அழைப்பிதழ், வயது மற்றும் முகவரிச் சான்று, சாட்சிகளோடு நீங்களே ஒரு நாள் போய் வந்துவிடலாம். இருவரும் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் அறிவிப்பு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இனிமேல் கல்யாணம் செய்யப்போகிறவர்கள் தேதி குறிப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு பண்ணை வீட்டில் தங்கை கல்யாணம் நடத்தினோம். புல்தரை பாழாகிவிட்டது என்று சொல்லி டெபாசிட் 40,000இல் 30,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் புல் ஏற்கெனவே காய்ந்துதான் கிடந்தது. முன்கூட்டியே நாங்கள் படம் எடுக்கவில்லை. இனி வழியில்லையா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: வழி இருக்கிறது. சேதத்தைச் சரிசெய்த செலவுக்கு பில் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பண்ணை வீடு இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

படத்துக்கு இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். போட்டோக்காரரிடம் ஆல்பத்தில் சேராத படங்களையும் சேர்த்து, கேமராவில் இருந்தபடியே கேளுங்கள். காலையில் பந்தலையும் வாசலையும் எடுத்த படங்களில் அந்தப் புல்தரை கட்டாயம் விழுந்திருக்கும். எடுத்த தேதியும் நேரமும் அந்தப் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அவர் கணினியிலிருந்து அழிப்பதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.