புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் ஜனநாயகம் வேரூன்ற வெளிநாட்டுத் தன்னார்வலரால் உதவ முடியுமா?

பெட்டி கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முடியும். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

2001ல் கிழக்குத் திமோரில், அரசியல் நிர்ணய சபைத் தேர்தலுக்காக ஐ.நா. தன்னார்வலராக இருந்தேன். பாவ்காவ் பக்கத்து மலைக் கிராமங்களில் ஓட்டுப்போடும் முறையை விளக்குவது வேலை. நான் ஆங்கிலத்தில் சொல்வதை ஒரு பையன் இந்தோனேசிய மொழியில் சொல்வான், இன்னொருவர் தேதுமில், கடைசியாக ஊர்ப்பெரியவர் மக்காசாயில். என் இரண்டு வரிக்கு அவர் பத்து நிமிஷம் பேசுவார். என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.

88 இடம், 16 கட்சி, ஆளுக்கு இரண்டு ஓட்டுச்சீட்டு என்று ஒப்பித்து முடித்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு பாட்டி கேட்டார்: "தோத்த கட்சிக்காரங்க வீட்டை எரிப்பாங்களா?"

கேட்காமல் என்ன செய்வார்? 1975ல் கட்சிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதைப் பார்த்தவர். 1999ல் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலைக்கு ஓட்டுப்போட்டதும் இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவில் இருந்த கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. நான் சட்டென்று "மாட்டாங்க" என்றேன். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை, தலையாட்டியதே போதும்.

அந்தத் தேர்தல் அமைதியாகத்தான் நடந்தது. 2006ல் சுமார் 600 ராணுவ வீரர்களை வேலையைவிட்டு நீக்கியதில் தொடங்கிய தகராறில் தலைநகர் திலி எரிந்தது. அடுத்த வருஷத் தேர்தலில் அதிக இடம் பிடித்த ஃப்ரெட்டிலின் கட்சியை விட்டுவிட்டு மற்றவர்கள் கூட்டணி ஆட்சி அமைக்க, பாவ்காவ், விக்கேக்கே பக்கம் வீடுகள் எரிந்தன. பாட்டி கேட்டது அப்படியே.

"ஐ.நா.வைக் குறை சொல்கிறான்" என்று கமெண்டில் கிளம்பாதீர்கள். 2012 கடைசியில் ஐ.நா. படை போனபிறகும் அங்கே ஓட்டுப்போட்டே ஆட்சியை மாற்றியிருக்கிறார்கள். அது அவர்கள் கெட்டிக்காரத்தனம். நான் சொல்வது என் வாயைப் பற்றி மட்டும். எரித்தால் யாரிடம் புகார் சொல்வது, இந்தோனேசிய மொழியில் படித்த பிள்ளைகள் பழைய காலனி ஆட்சியின் மொழியான போர்த்துகீசில் நடக்கும் கோர்ட்டில் என்ன செய்வார்கள் என்றாவது பேசியிருக்கலாம். தேதுமில் "லா ஹதேனே" என்றால் "தெரியாது". அது எனக்கு அப்போதே தெரியும்.

இன்னொன்று, விடுப்பு ஆணையை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். வாய்மொழியாகச் சரி என்ற என் அலுவலகம், திரும்பி வந்ததும் பணி முறிவு என்று எழுதி இரண்டு இன்கிரிமென்டை வெட்டியது. மேல்முறையீடு செய்தேன், இன்னும் பதில் வரவில்லை.