டைமிங் வைத்தும் ஐடில் குலுங்குகிறதா?
புதுப் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) போட்டு, டைமிங் லைட் வைத்து டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) பார்த்தும் பழைய கார் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்குகிறது என்கிறீர்கள். டைமிங் வைத்த பிறகு பாயின்ட் இடைவெளியைத் தொட்டீர்களா? இடைவெளி கூடினால் ஸ்பார்க் முன்னதாக வரும். அதனால் முதலில் இடைவெளி (பல எஞ்சின்களில் 0.4 மி.மீ. அளவு, உங்கள் கையேட்டில் உள்ளதே சரி), அப்புறம்தான் டைமிங். டைமிங் பார்க்க வேக்குவம் அட்வான்ஸ் குழாயை (கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்னக் குழாய்) கழற்றினால் கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று புகுந்து ஐடிலைக் கெடுக்கும்.

லைட்டில் பார்க்கும்போது எஞ்சினில் உள்ள டைமிங் குறி துள்ளுகிறதா? எஞ்சினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது, எந்த டைமிங்கும் நிற்காது. குறி அசையாமல் நின்றால் கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் திருகு) அதுவரை தயவுசெய்து திருகாதீர்கள்.