ஷூட்டர் கேம்களில எதிரி ஏன் எப்பவும் ரஷ்யா, வடகொரியாதான்?

முக்கியக் காரணம் வியாபாரம். 2011இல் வந்த ஹோம்ஃபிரண்ட் எண்ட கேமில அமெரிக்காவைப் பிடிக்கிற நாடு முதலில சீனாவாத்தான் இருந்தது. பிறகு வடகொரியா எண்டு மாத்தினவை. சீனாவைப் பகைச்சா சந்தை போயிடும். வடகொரியாவில கேம் வாங்க ஆர் இருக்கினம்? ஏறக்குறைய 2.5 கோடிச் சனமுள்ள நாடு அமெரிக்காவைப் பிடிக்குதாம். கேக்கிறவன் கேணையன் எண்டா எருமையும் ஏரோப்பிளேன் ஓட்டும்.

எனக்கு உறுத்தினது வேற. 2019 மொடர்ன் வோர்ஃபெயார் கேமில 'மரண நெடுஞ்சாலை' எண்டு ஒரு இடம் வரும், குண்டு போட்டது ரஷ்யர் எண்டு சொல்லும். அதே பெயரில உண்மையான ரோட்டு ஒண்டு இருக்கு. 1991இல் குவைத்தில இருந்து பின்வாங்கின ஈராக் வாகனங்களில அங்க குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான படை.

படையெடுப்பைக் காட்டுற விதமும் அப்பிடித்தான். 2009 மொடர்ன் வோர்ஃபெயார் 2இல் ரஷ்யப் படை வேர்ஜீனியாவில இறங்கும். பர்கர் கடைக் கூரையில நிண்டு சுடுவம், ரோட்டில சனத்தைக் காண ஏலாது. உண்மையில படை வந்தா ரோட்டு எப்பிடி இருக்கும் எண்டு, ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில நிண்ட ஆரையும் கேட்டுப் பாருங்கோ: மழை, சைக்கிள் ஹாண்டிலில சட்டி பானை, ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம்.