வெலிங்டன் நம் கோட்டையில் இருந்தவர்

கேள்வி: ரிட்லி ஸ்காட்டின் 'நெப்போலியன்' படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தும் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்று பிடிபடவில்லை. வரலாறு தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எடுக்க வேண்டாமா? படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா, இல்லை, அந்த ஊர்ச் சரித்திரம் நமக்கு எதற்கு என்று விட்டுவிடலாமா?
வாசகர், குரோம்பேட்டை

பதில்: உங்களுக்குப் புரியவில்லை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுந்து போனவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அதே படத்தைப் பார்த்த என் நண்பர் ஒருவர் மறுநாள் டீக்கடையில், "பிரமிடு மேலயே பீரங்கி வச்சு அடிச்சிருக்கான் சார் மனுஷன்" என்று நாலு பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. 1798 ஜூலையில் நடந்த அந்தச் சண்டைக்குப் 'பிரமிடுகளின் போர்' என்று பெயர், அவ்வளவுதான். பிரமிடுகள் எங்கோ தொலைவில் சிவனே என்று நின்றுகொண்டிருந்தன. படத்தின் தொடக்கத்தில் அரசி மேரி அந்துவானெத்தின் தலை விழும்போது நெப்போலியன் கூட்டத்தில் நிற்கிறாரே, அதுவும் கிடையாது. 1793 அக்டோபரில் அவர் தெற்கே தூலோன் துறைமுகத்து முற்றுகையில் இருந்தார். கடைசியில் கப்பலில் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனோடு பேசுகிறார். அந்த இரண்டு பேரும் ஆயுளில் ஒரு தடவைகூட நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதில்லை. சரித்திரக்காரர்கள் குறை சொன்னபோது, 'நீ அங்கே இருந்தாயா?' என்கிற தினுசில் திருப்பிக் கேட்டார் இயக்குநர். படம் எடுக்கிறவருக்கு அந்தப் பதில் போதும். டீக்கடையில் பாடம் எடுக்கிறவருக்குப் போதாது.

சரி, உங்களுக்கும் புரிகிற மாதிரி ஏன் எடுக்கவில்லை? நெப்போலியன் யார் என்று தெரிந்த கூட்டத்துக்காக எடுத்தார்கள். 'பொன்னியின் செல்வ'னைப் பார்க்க வந்த பாரிஸ்காரருக்குப் பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார் என்று யார் சொல்லியிருப்பார்கள்? நமக்கே கமல்ஹாசன் குரலில் முன்கதை தேவைப்பட்டது. அதையும் கேட்டுவிட்டு, நந்தினி நிஜமாகவே வாழ்ந்தவள் என்று சத்தியம் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவள் கல்கி படைத்த பாத்திரம். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்வது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரை. சொந்த வீட்டுக் கதையிலேயே இந்த லட்சணம்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. என்னைக் கொஞ்சம் சீண்டியது அதுதான். அந்த ஊர்ச் சரித்திரமாம்! பிரான்சிலிருந்து கிளம்பிய மனிதர் எகிப்துக்கு எதற்குப் போனார் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வரும் வழியை மறிக்கப் போனார். அந்த நேரத்தில் மைசூரில் திப்பு, பிரெஞ்சுப் படை வரும் என்று காத்திருந்தார். நெப்போலியன் கெய்ரோவிலிருந்து 1799 தொடக்கத்தில் திப்புவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி அதற்குள் கல்கத்தாவை விட்டுச் சென்னைக்கே வந்து உட்கார்ந்து, யுத்த ஏற்பாடுகளை நேரில் கவனித்துக்கொண்டிருந்தார். வேலூரிலிருந்து படை புறப்பட்டது. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார்.

அந்தப் படையில் ஒரு கர்னல் இருந்தார். கவர்னர் ஜெனரலின் தம்பி, பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. பதினாறு வருஷம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனின் கதையை முடித்துவைத்த வெலிங்டன் பிரபு இவரேதான். நீங்கள் யாரென்று தெரியாமல் திரையில் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அந்த ஆள் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் குடியிருந்தவர். வெல்லெஸ்லி ஹவுஸ் என்று இன்னமும் அங்கே ஒரு கட்டடத்துக்குப் பெயர் இருக்கிறது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்.

படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா என்றால், தயவுசெய்து வேண்டாம். நான் செய்து பார்த்துப் பட்டவன். வீட்டில் எல்லோரும் 'பிரேவ்ஹார்ட்' பார்த்துக்கொண்டிருந்தபோது, 1297-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஜெயித்த சண்டைக்கு ஸ்டர்லிங் பாலச் சண்டை என்று பெயர், அந்தப் பாலத்தை வைத்துத்தான் ஜெயித்தார்கள், இதில் பாலத்தையே காணோமே என்று ஆரம்பித்தேன். என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் மீதிப் படத்தைப் பார்த்தார்கள். முதலில் படம் பாருங்கள். அப்புறம் உறுத்துகிற ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தேடுங்கள். இவர் ஏன் எகிப்துக்குப் போனார் என்பது மாதிரி ஒன்று.

நெப்போலியன் அலுத்துவிட்டால் 'தி பேட்ரியட்' இருக்கிறது. அமெரிக்கர்களிடம் தோற்கிற ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் அதில் வருவார். யார்க்டவுனில் 1781-ல் அவர் படை சரணடைந்ததோடு படம் அவரை விட்டுவிடும். அவர் ஓயவில்லை. கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-ல் திப்புவைத் தோற்கடித்து, அவருடைய மகன்கள் இருவரைப் பிணையாக வாங்கிக்கொண்டார். கோட்டை அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. முகத்தை விடுங்கள், குனிந்து பீடத்தைப் பாருங்கள். அந்த இரண்டு பையன்களை ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், விடுமுறை.